சின்ன அசௌகரியம்

அடுத்தவர் குறையைக் கேட்பதுதான் தேனுவின் பிழைப்பு. வாஷிங் மெஷின் வீடெல்லாம் தண்ணீரைத் துப்புகிறது, வாங்கிய மறுநாளே ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது, மிக்ஸியிலிருந்து புகை வருகிறது என்று காலையில் ஹெட்செட்டை மாட்டியதிலிருந்து முகம் தெரியாத ஆட்கள் அவள் காதுக்குள் கத்திக்கொண்டே இருப்பார்கள். இவளும் வெண்ணெய் தடவின குரலில், "புரியுதுங்க, உங்க இடத்துல நான் இருந்தாலும் கோபம்தான் வரும்" என்பாள். தாம் தூம் என்று ஆரம்பித்தவர்கள்கூட கடைசியில் "நீ நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு போனை வைப்பார்கள். அந்தக் குரலுக்காக அலுவலகத்தில் விழுந்த பெயர்தான் தேனு. பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட தேனு மாதா மாதம் அந்த அலுவலகத்தின் கழிப்பறைத் தரையில் சுருண்டு கிடந்தாள் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். மாதவிலக்கு வந்தால் அடிவயிற்றில் தொடங்கும் வலி, இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடை வழியாக முழங்கால் வரை இறங்கும். வாந்தி வரும். நிமிர முடியாது. வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போய், "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்று பாடுவாள். போன மாதம் அதுவும் முடியவில்லை. வேலை நேரத்தில், நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டாள். விழும்போதுகூட லைனில் இருந்த வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டுத்தான் விழுந்தாள். அவ்வளவு பொறுப்பு!

விழுந்த செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அம்மாவின் போன் வந்தது.

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கறதுதான்டி இது. ஆனா அங்க விழுந்தா யாரு தூக்குவா? வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு வந்துடு."

இந்த வேலைக்காகவும், தோழிகளோடு இருந்த அந்த ஒற்றை மாடி அறைக்காகவும் தேனு வீட்டில் எத்தனை நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்குத்தான் தெரியும். கெஞ்சினாள், கொஞ்சினாள். கடைசியில் அம்மா ஒரு படி இறங்கினாள்.

"சரி. சனிக்கிழமை நான் வரேன். நல்ல டாக்டரா ஒருத்தரைப் பார்த்து வை. அவங்களும் ஒண்ணுமில்லைன்னு சொன்னா, மறுபேச்சு பேசாம என்கூடக் கிளம்பணும். ரெண்டு பேருக்குமா சேர்த்துத்தான் திரும்பற டிக்கெட் போடப் போறேன்."

நல்ல டாக்டருக்கு எங்கே போவது? ஏற்கெனவே மூன்று பேரைப் பார்த்தாகிவிட்டது. முதலாமவர், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றார். கல்யாணம் எந்த மருந்துக்கடையில் கிடைக்கும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று அந்தப் புண்ணியவான் எழுதித் தரவில்லை. இரண்டாமவர் வயிற்றை ஒரு தட்டு தட்டிவிட்டு, வாய்வு என்றார். மூன்றாவது அம்மையார் தன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே டென்ஷன் என்றார். இதை எழுதும் எனக்கு வரும் ஆத்திரத்துக்கு மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, வாஷிங் மெஷினுக்குள் போட்டதுபோல் வயிற்றைச் சுழற்றிவிட வேண்டும். ஆனால் தேனுவுக்கு ஆத்திரம் வரவில்லை. மூன்று பேருக்கும் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அறைத்தோழிகள் இரண்டு பேருக்கும் அவள் பங்கையும் சேர்த்து ஆத்திரம் வந்தது. ஒருத்தி கொக்கி. குறுக்குக் கேள்வி கேட்டு ஆளை மாட்டவைப்பதில் கெட்டிக்காரி. இன்னொருத்தி சைரன். அவள் ரகசியம் பேசினால் அடுத்த மாடிக்குக் கேட்கும். மூவரும் அதே அலுவலகத்தில், வரிசையாக மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்து ஊரார் புகார்களைக் கேட்பவர்கள்.

தேநீர் இடைவேளையில், மாடிப்படித் திருப்பத்தில் கொக்கி திட்டத்தைப் போட்டாள்.

"நமக்கு வைத்தியம் தெரியாது. எந்த டாக்டர் கெட்டிக்காரர்னு நம்மால கண்டுபிடிக்க முடியாது. ஆனா போன்ல பேசறவங்க நிஜமா கேக்கறாங்களா, கேக்கற மாதிரி நடிக்கறாங்களான்னு நம்மளைவிட யாருக்குடி தெரியும்?"

சைரன் துள்ளினாள். "ஆமாண்டி! நாமளே தினம் அதைத்தானே பண்றோம்!"

அன்றே வேட்டை ஆரம்பமானது. ஒரு போன், ஸ்பீக்கரில். மூன்று தலைகள் அதன் மேல் கவிழ்ந்திருக்கும். சைரன் பேசுவாள்; மற்ற இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். முதல் மருத்துவமனையில் எடுத்தவர் நான்கு வார்த்தைக்குள் "டாக்டர் சாயங்காலம் வருவாங்க" என்று வெட்டினார். அவுட். அடுத்த இடத்தில் ஒரு பெண் இனிமையாகத்தான் பேசினாள். ஆனால் பின்னால் டக் டக்கென்று கீபோர்டு சத்தம். சைரன் பேச்சை நிறுத்திய பிறகும் தட்டல் நிற்கவில்லை. "வேற யாருக்கோ டைப் பண்றா, வை" என்று கொக்கி கையை ஆட்டினாள். மூன்றாவது இடத்தில் "ம்ம்… ம்ம்…" என்று ஒருவர் தாராளமாகக் கொட்டினார். சோதிக்கலாமே என்று சைரன், "எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கும் மாசா மாசம் வயிறு வலிக்குதுங்க" என்றாள். "ம்ம்" என்றார் அவர். மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டிலேயே உருண்டார்கள். இன்னொரு இடத்தில் சட்டென்று பின்னணிச் சத்தமே அற்றுப் போனது. மியூட் பொத்தானை அமுக்கிவிட்டு அந்தப் பக்கம் வேறு கதை பேசுகிறார்கள்! அந்த வித்தை அவர்களுக்குத் தெரியாதா என்ன?

தேனுவுக்கு வலி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அதைப் பற்றிய ஒரு விஷயத்தில் குதூகலமாக இருந்தது. அடுத்த இடைவேளை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன கிளினிக்கின் எண்ணை அழுத்தினார்கள். நர்ஸ் எடுத்தாள்.

"தோழிக்குத்தாங்க," என்று சைரன் ஆரம்பித்தாள். "பீரியட்ஸ் வந்தா ரொம்ப வலி."

"வலி வந்தா அவங்களால என்னென்ன செய்ய முடியாம போகுது?" என்று நர்ஸ் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

கீபோர்டு இல்லை. ம்ம் இல்லை. மியூட்டும் இல்லை, தூரத்தில் ஏதோ குழந்தை அழுவதும், மின்விசிறி கடகடப்பதும் கேட்டன. இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்காததால் சைரனுக்கே வாய் அடைத்துப்போனது.

"அவசரமில்லைங்க, யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்," என்றாள் நர்ஸ்.

கொக்கி தேனுவின் கையை நசுக்கியே விட்டாள். சனிக்கிழமைக்கு நேரம் கேட்டார்கள். "எங்க டாக்டர் ஒவ்வொருத்தரையும் நிதானமாத்தான் பார்ப்பாங்க. ரொம்ப நேரம் காத்திருக்கணும். பரவாயில்லையா?" என்றாள் நர்ஸ். "பரவாயில்லை!" என்று மூவரும் ஒரே நேரத்தில் கத்தியதில், மேல்மாடியிலிருந்து டீம் லீடர் எட்டிப் பார்த்தார்.

டாக்டர் கிடைத்தாயிற்று. இனி போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையில் ஒத்திகை நடந்தது. கொக்கி ஹெட்செட்டையே ஸ்டெதஸ்கோப் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு கட்டிலில் கம்பீரமாக உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா. என்ன பிரச்சனை?"

"பிரச்சனைன்னு இல்லீங்க டாக்டர். ஒரு சின்ன அசௌகரியம்," என்றாள் தேனு.

தலையணை பறந்து வந்து அவள் முகத்தில் விழுந்தது. எறிந்தது சைரன்.

தேனுவைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: பிரச்சனை என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. மெஷின் வெடித்து வீடு பற்றி எரிந்தாலும் அது 'சின்ன அசௌகரியம்'. எதிராளி பதறினால் நாம் தணிய வேண்டும், அவர் முகம் சுளிப்பதற்குள் அழைப்பை நல்லபடியாக முடித்துவிட வேண்டும். மற்றவர்கள் அந்தப் பாடத்தை ஹெட்செட்டோடு கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். தேனுவுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. மூன்று டாக்டர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறாள்.

"மறுபடி சொல்லு. எவ்வளவு வலிக்குது?"

"கொஞ்சம் வலிக்கும். உங்களுக்குச் சிரமம் கொடுக்கறதுக்கு மன்னிக்கணும்."

"அடியே, எனக்கு என்னடி சிரமம்? வலி உனக்கு!"

"புரியுதுங்க, உங்க இடத்துல நான் இருந்தாலும் கோபம்தான் வரும்," என்று தேனு சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து மூவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தும் தேறவில்லை. கடைசியில் கொக்கி ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டாள். "நீ வாயைத் திறக்கவே வேணாம். நானும் இவளும் உள்ள வந்து சொல்றோம்."

சனிக்கிழமை அம்மா வந்து இறங்கினாள். மூன்று கட்டிலுக்கு நடுவே ஒரு ஆள் நடக்க இடமில்லாத அறையைக் கண்ணால் ஒரு சுற்று அளந்தாள். ஜன்னல் கம்பியில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். "துணிகளை ஒரு பைக்குள்ள அடக்கிடலாம்," என்றாள். சொல்லவேண்டியதை அதிலேயே சொல்லிவிட்டாள்.

கிளினிக் ஒரு கண்ணாடிக்கடைக்கு மேலே இருந்தது. ஏறிப் போனால் சின்ன கூடம், சுவரோரம் நாற்காலிகள், எல்லாவற்றிலும் பெண்கள். உள்ளே போனவர்கள் சட்டென்று வெளியே வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க கொக்கிக்கும் சைரனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. "பார்த்தியா, இன்னும் வரலை! இன்னும் பேசறாங்க!" என்று சைரன் 'மெதுவாக'ச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. தேனுவின் முறை வந்ததும் மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"கூட ஒருத்தர்தான் போகலாம்."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். போட்ட திட்டமெல்லாம் அம்பேல்! கதவு மூடும்போது கொக்கி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "பி-ரச்-ச-னை" என்று சொல்லிக்காட்டினாள்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கலாம். கீபோர்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு தேனுவை நேராகப் பார்த்தார். "சொல்லுங்க."

இவ்வளவு தேடிக் கண்டுபிடித்த காது! அது எதிரே காத்துக்கொண்டிருக்கிறது. தேனுவின் வாய் தானாகத் திறந்தது, தேன் தானாக வழிந்தது.

"ஒரு சின்ன அசௌகரியம்தான் டாக்டர். மாசா மாசம் கொஞ்சம் வயித்து வலி. சமாளிச்சுக்குவேன்."

"வேலைக்குப் போக முடியுதா?"

"லீவே போட்டதில்லை டாக்டர்."

"மாத்திரை போட்டா அடங்குதா?"

"அடங்கிடும்."

டாக்டர் இன்னும் சிலது கேட்டார். எல்லாவற்றுக்கும் அதே இனிப்பான பதில். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "நீங்க சொல்றதைப் பார்த்தா கவலைப்படற மாதிரி எதுவும் தெரியலை. வலிக்கு ஒரு மாத்திரை எழுதறேன். அடங்கலைன்னா திரும்ப வாங்க," என்று காகிதத்தை இழுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மூன்று பேர் மாதிரி அவர் கேட்காமல் விடவில்லை. கேட்டதை நம்பினார், அவ்வளவுதான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தேனுவின் இரண்டு கைகளும் கும்பிடுவதற்காக மேலே வந்தன. நன்றி என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. அறை, நாற்காலி, படிக்கட்டுத் திருப்பம், அந்த இரண்டு பைத்தியங்கள், எல்லாம். இங்கே யாரும் அவளை மியூட்டில் போடவில்லை. பொத்தானில் விரலை வைத்திருப்பது அவளேதான். அது உறைத்ததும் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஒரு கோபம் ஏறியது. அவள் வாழ்க்கையில் இத்தனை கோபத்தை அடுத்தவர் குரலில்தான் கேட்டிருக்கிறாள்.

"டாக்டர், நான் சொன்னது அத்தனையும் பொய்."

பேனா நின்றது.

"லீவு போடலை, ஏன்னா கக்கூஸ் தரையில படுத்துக் கிடந்துட்டுப் போய் வேலை பார்க்கறேன். மாத்திரை போட்டா அடங்காது, வாந்திதான் வரும். வலி இடுப்புல சுத்தி முழங்கால் வரைக்கும் இறங்கும். அந்த நாள்ல வெளிக்குப் போனா கத்தியால கிழிக்கிற மாதிரி இருக்கும், அதுக்குப் பயந்து நான் சாப்பிடறதே இல்லை. பீரியட்ஸ் வர்றதுக்கு முந்தின நாள் பயத்துல தூக்கம் வராது. போன மாசம் மயங்கி விழுந்தேன். மூணு டாக்டர் ஒண்ணுமில்லைன்னாங்க, மூணு பேருக்கும் நான் நன்றி சொன்னேன் டாக்டர்! எதுக்குச் சொன்னேன்? எனக்கு இது பிரச்சனை. பெரிய பிரச்சனை!" மேஜையில் ஒரு அடி விழுந்தது. அடித்தது தன் கைதான் என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் சைரன் விசிலடித்தாள்.

டாக்டர் எழுதிய காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். "நல்ல வேளை சொன்னீங்க," என்றார். "மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்." ஒவ்வொன்றாகக் கேட்டார், திருப்பித் திருப்பிக் கேட்டார். பக்கத்து அறையில் படுக்கவைத்து வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து உருட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, திரையைத் தேனுவின் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. இடது சினைப்பையில ஒரு கட்டி. கருப்பைக்கு உள்ள இருக்கற மாதிரி சதை வெளியே வளர்ந்திருக்கு. மாசா மாசம் அதுலயும் ரத்தம் கசியும், அதுக்குப் போக வழியில்லை, அதான் இந்த வலி. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. இன்னொரு பெரிய ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கணும். ஆனா எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இதுக்கு வைத்தியம் இருக்கு."

"அப்ப… எனக்கு ஏதோ இருக்கா டாக்டர்?"

"இருக்கு."

"நிஜமாவே இருக்கா?"

"நிஜமாவே இருக்குங்க."

தேனு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். வயிற்றில் கட்டி என்று கேட்டு இப்படிச் சிரித்தவள் அந்தக் கட்டிலில் அதற்கு முன் படுத்திருக்க மாட்டாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. வயிற்றில் தடவிய பசையைக்கூட ஒழுங்காகத் துடைக்காமல் வெளியே ஓடினாள்.

"இருக்குடி! எனக்கு இருக்குடி!"

மூவரும் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் குதித்தார்கள். ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண் முகம் மலர, "வாழ்த்துக்கள்மா! எத்தனை மாசம்?" என்றாள்.

"மாசம் இல்லீங்க, பல வருஷம்!" என்றாள் கொக்கி.

குதித்து ஓய்ந்த பிறகுதான் தேனு திரும்பிப் பார்த்தாள். அம்மாவைக் காணோம். டாக்டரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்மா பையைத் தரையில் வைத்துவிட்டு, தேனு உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மாறியிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள். அவள் கை இடுப்பிலிருந்து தொடை வழியாக முழங்கால் வரை மெல்ல இறங்கிக் காட்டியது. டாக்டர் எதுவும் எழுதவில்லை, குறுக்கே பேசவில்லை.

தேனு கதவில் கை வைத்தாள். நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். "அவங்க பேசி முடிக்கட்டும்."

தேனு சின்னப் பெண்ணாக இருந்தபோது, மாதத்தில் சில நாள் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். தலைவலி, சத்தம் போடாதே என்று அப்பா சொல்வார். அந்த நாட்களில் சாப்பாடு மட்டும் தவறாமல் நேரத்துக்கு வந்துவிடும், தேனுவுக்கு அப்போது வேறெதுவும் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அம்மாவின் கை இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்மாவின் கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல், யாரோ திட்டிவிடுவார்கள் என்பதுபோல் அவசரமாகச் சொன்னாள்.

"அந்த டிக்கெட் ரெண்டையும் ரத்து பண்ணிடு. எனக்கும் ஸ்கேன் எடுக்கணுமாம். கூப்பிடற வரைக்கும் உட்காரச் சொல்லியிருக்காங்க."

கொக்கியும் சைரனும் எழுந்து இடம் விட்டார்கள். அம்மாவும் மகளும் அருகருகே உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு நாளாம்மா?" என்று தேனு கேட்டாள்.

"உன் வயசுலேருந்து," என்றாள் அம்மா. "நான்தான் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."